மீட்டரில் கை வைக்கும் முன்

கற்பிட்டிக் குடாநாட்டு வீதியில் பல வருடம் ஓடிய வண்டியொன்றின் வயர் உறையை எங்காவது சீவிப் பார்த்தால், உள்ளே செம்பு செம்பாக இராது. கறுத்துப்போயிருக்கும். இணைப்புகளுக்குப் பக்கத்தில் பச்சைப் பொடி பூத்திருக்கும். ஒரு பக்கம் புத்தளம் களப்பு, மறு பக்கம் திறந்த கடல், நடுவே ஒடுங்கிய மணல் நிலம். வைகாசியில் எழும் தென்மேற்குக் காற்று புரட்டாதி வரை ஓயாது. அந்தக் காற்றை நம்பித்தான் மாம்புரியில் காற்றாலைகள் நட்டார்கள். அதற்காகவே வெளிநாட்டார் பட்டம் பிடித்து நீரில் சறுக்கக் கண்டக்குழிக்கு வருகிறார்கள். புத்தளத்து உப்பளங்களில் உப்பை விளைய வைப்பதும் அந்தக் காற்றும் வெயிலும்தான். வண்டிகளின் வயருக்குள் உப்பைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் அதே காற்று.

பாலாவிப் பக்கம் வாகன மின்வேலை பார்க்கும் ஒருவருடைய அனுபவம் இது. பெரியவர்களுக்கு அவர் ‘பாஸ்’, இளையவர்களுக்கு ‘நானா’. பொயின்ட் வைத்த பெட்ரோல் கார்களில் கை பழகியவர். பிறகு டீசல் வேன்களும் லொறிகளும் வந்தன. அதன் பிறகு கம்ப்யூட்டர் பெட்டி வைத்த கார்கள். ஹெட்லைட், ஸ்டார்ட்டர், அல்டனேட்டர் என்று எல்லா வேலையும் அவரிடம் வருகிறது. ஆனால் அவரை நின்று பேச வைப்பது ஆர்.பி.எம். மீட்டர்தான். இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்று காட்டும் அந்த ஒற்றை முள்ளை வைத்தே வண்டியின் பாதி நோயைச் சொல்லிவிடலாம் என்பது அவருடைய திடமான எண்ணம்.

வருகிறவர்கள் வேறு மாதிரி நினைக்கிறார்கள். “மீட்டர் போச்சு நானா, வேற ஒண்டு பாத்துப் போட்டுத் தாங்க” என்பார்கள். “போச்சுண்டு யாரு சொன்ன?” என்று கேட்டுவிட்டு, அவர் மூன்று கேள்விகள் வைப்பார். முள் திடீரென்று விழுந்ததா, கொஞ்ச நாள் ஆடிவிட்டு விழுந்ததா? பெட்ரோல் முள், சூட்டு முள் எல்லாம் சரியாக நிற்கின்றனவா? முள் விழுந்த நேரத்தில் இன்ஜினில் ஏதாவது வித்தியாசம் தெரிந்ததா? எல்லா முள்ளும் சேர்ந்து விழுந்திருந்தால் பியூஸையும் ஏர்த்தையும் பார்ப்பார். ஆர்.பி.எம். முள் மட்டும் விழுந்திருந்தால் அதற்கு வரும் சிக்னலைத் தேடுவார். மீட்டரைக் கழற்றுவது கடைசி வேலை.

காரணம் எளிமையானது. மீட்டருக்கு இன்ஜின் தெரியாது. ஏதோ ஒரு வயரில் வரும் துடிப்புகளை எண்ணி, அதற்கு ஏற்ப முள்ளை நகர்த்துவது மட்டுமே அதன் வேலை. நான்கு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜினில் கிராங்க் ஒரு சுற்றுப் போனால் இரண்டு தீப்பொறி. ஐட்லிங்கில் 750 சுற்று என்றால் விநாடிக்கு 25 துடிப்பு. 3,000 சுற்று என்றால் விநாடிக்கு 100. ஆறு சிலிண்டரில் ஒரு சுற்றுக்கு மூன்று தீப்பொறி. ஆறு சிலிண்டர் காரின் மீட்டரை நான்கு சிலிண்டர் காரில் மாட்டினால், அது ஒழுங்காக எண்ணியும் தப்பான பதிலையே சொல்லும்: 3,000 ஓடும்போது 2,000 காட்டும். இப்படி மாட்டிக்கொண்டு, “இன்ஜினுக்கு இழுவை இல்ல, ஆர்.பி.எம். ஏறுதில்ல” என்று வந்தவர்கள் உண்டு. அவர்களுடைய இன்ஜினில் ஒரு குறையும் இல்லை.

பொயின்ட் காலத்துக் கார்களில் இந்தத் துடிப்பு கொயிலின் மைனஸ் முனையிலேயே பிறந்தது. பொயின்ட் திறக்கும் கணத்தில் அந்த முனையில் சில நூறு வோல்ட் எழும்பி விழும்; மீட்டர் அதை எண்ணும். பொயின்ட் கருகினாலும் கண்டென்சர் பழுதானாலும் முள் நடுங்கும், இன்ஜினும் சேர்ந்து நடுங்கும். அந்தக் காலத்துப் பிரித்தானியக் கார்கள் சிலவற்றில் ஸ்மித்ஸ் கம்பனியின் ஒரு வகை மீட்டர் இருந்தது. அது வோல்ட்டைப் பார்க்காது. கொயிலுக்குப் போகும் மின்னோட்டத்தையே தன் வழியாக வாங்கி அனுப்பும். அதன் பின்னால் இணைப்பு தளர்ந்தால் முள் மட்டும் விழாது, இன்ஜினே நின்றுவிடும். சிலாபத்தில் ஒருவர் அப்படிப்பட்ட காரை ஆசையாக வைத்திருந்தார். பொயின்ட்டை எடுத்துவிட்டு எலெக்ட்ரோனிக் இக்னிஷன் போட்ட நாளிலிருந்து முள் செத்துக் கிடந்தது. மீட்டரில் பழுது இல்லை. மின்னோட்டம் ஏறி இறங்கும் வடிவம் மாறியதால் அதற்கு எண்ணத் தெரியவில்லை. அந்த வகை மீட்டருக்குள் வோல்ட்டை எண்ணும் புதிய சர்க்கியூட்டை வைத்து, முகத்தை மட்டும் பழையபடி விட்டுக் கட்டிக் கொடுக்கும் வேலை இன்று பல நாடுகளில் நடக்கிறது.

டீசலுக்கு வந்தால் கதை மாறுகிறது. டீசலில் ஸ்பார்க் பிளக் இல்லை, கொயில் இல்லை, தீப்பொறி இல்லை. எதை எண்ணுவது? சில ஜப்பானிய இன்ஜின்களில் டீசல் பம்பிலேயே ஒரு சென்சர் வைத்திருப்பார்கள். இன்னும் பல வேன்களிலும் லொறிகளிலும் அல்டனேட்டரின் பின்னால் ‘டபிள்யூ’ என்று குறித்த ஒரு சின்ன முனை இருக்கும். அல்டனேட்டருக்குள் பிறக்கும் மூன்று மாறுமின் வரிசைகளில் ஒன்றை, அது டயோட் வழியாகப் போய் நேர்மின்னாகும் முன்பே, அந்த முனை வெளியே எடுத்துக் கொடுக்கிறது. 12 துருவ அல்டனேட்டர் ஒரு சுற்றில் ஆறு அலை தரும். பெல்ட் சுற்றும் சக்கரங்களில், கிராங்க் புலியை விட அல்டனேட்டர் புலி பாதி அளவு என்று வைத்துக்கொண்டால், இன்ஜின் 750 சுற்றும்போது அல்டனேட்டர் 1,500 சுற்றும். விநாடிக்கு 150 அலை. மீட்டர் இந்தக் கணக்குக்கே செய்யப்பட்டிருக்கும்.

ஆக, டீசல் வண்டியின் ஆர்.பி.எம். முள்ளுக்கும் இன்ஜினுக்கும் நடுவே ஒரு பெல்ட், இரண்டு புலி, ஓர் அல்டனேட்டர், ஒரு நீண்ட வயர், ஓர் ஏர்த் இருக்கின்றன. இதில் எது தவறினாலும் முள் மீதுதான் பழி விழும்.

கற்பிட்டிக்கு ஆட்களை ஏற்றி இறக்கும் டீசல் வேன் ஒன்று ஒரு முறை வந்தது. பகலில் முள் 800இல் நிற்கும். இரவில் ஹெட்லைட்டும் ஏசி காற்றாடியும் போட்டால் 500க்கு இறங்கும். இன்ஜின் சத்தத்தில் மாற்றமே இல்லை. சாரதி அதற்குள் வேறொரு மீட்டர் வாங்கி மாட்டிப் பார்த்திருந்தார். அதுவும் அதையே காட்டியது. பாஸ் கிராங்க் புலியிலும் அல்டனேட்டர் புலியிலும் வெள்ளி நிற டேப் துண்டு ஒவ்வொன்று ஒட்டினார். ஒளிக்கற்றை பட்டுத் திரும்புவதை எண்ணும் கைமீட்டரை எடுத்து இரண்டையும் அளந்தார். லைட் இல்லாதபோது இரண்டு புலிகளின் விகிதம் அவற்றின் குறுக்களவுக்குச் சரியாகப் பொருந்தியது. லைட் போட்டதும் கிராங்க் 800இலேயே இருந்தது. அல்டனேட்டர் மட்டும் பின்தங்கியது. பெல்ட் வழுக்குகிறது. சுமை ஏறும்போது அல்டனேட்டர் கனக்கிறது, கண்ணாடி போல் பளபளத்துப் போன பெல்ட்டுக்குப் பிடி போதவில்லை. கீச்சிட்டிருந்தால் யாராவது முன்பே கண்டுபிடித்திருப்பார்கள். இந்தப் பெல்ட் சத்தமே இல்லாமல் வழுக்கியது. சார்ஜ் லைட்டும் எரியவில்லை, ஏனென்றால் அணைத்து வைக்கும் அளவுக்குச் சார்ஜ் வந்துகொண்டிருந்தது. ஒரு பெல்ட்டோடு வேலை முடிந்தது. வண்டியிலேயே வந்த மீட்டர் திரும்ப அதன் இடத்துக்குப் போனது.

எதிர்த் திசையிலும் இது நடக்கும். அல்டனேட்டர் மாற்றிய பிறகு ஐட்லிங்கில் 1,000 காட்டுகிறது என்று ஒரு சிறு லொறி வந்தது. காது 750 என்றது, கைமீட்டரும் 750 என்றது. மாற்றிப் போட்ட அல்டனேட்டர் 16 துருவம் கொண்டது. ஒரு சுற்றுக்கு ஆறு அலைக்குப் பதில் எட்டு, அதாவது மூன்றில் ஒரு பங்கு கூடுதல். எந்த வேகத்தில் பார்த்தாலும் இதே விகிதத்தில் கூடிக் காட்டினால் அது பழுது அல்ல, பொருத்தம் இல்லாத பாகம் என்று அவர் முடிவு கட்டிவிடுவார். பழுது விகிதம் பார்த்து நடக்காது என்பது அவர் கணக்கு.

டபிள்யூ முனையைச் சோதிக்க ஒசிலோஸ்கோப் தேவையில்லை. பேட்டரியில் 14 வோல்ட் சார்ஜ் ஏறும்போது, மல்டிமீட்டரை நேர்மின் அளவில் வைத்து டபிள்யூ முனைக்கும் ஏர்த்துக்கும் இடையில் அளந்தால் ஏறக்குறைய அதில் பாதி, 7 வோல்ட் பக்கம் காட்ட வேண்டும். அலை பூச்சியத்துக்கும் பதினாலுக்கும் நடுவே மாறி மாறி ஓடுவதால் சராசரி பாதியில் வந்து நிற்கிறது. பாதியை விட்டு அது வெகுவாக விலகி நின்றால் உள்ளே டயோட் ஒன்று போயிருக்கலாம். முனையில் 7 இருந்து மீட்டர் பக்கத்தில் இல்லையென்றால் நடுவில் வயர் அறுந்திருக்கிறது. இரண்டு நிமிட வேலை. வேலை பழக வரும் பையன்களுக்கு அவர் முதலில் சொல்லிக் கொடுக்கும் சோதனைகளில் இது ஒன்று.

வயரும் அதன் இணைப்புகளும் கெடுவதுதான் இந்தக் கரையில் பெரும்பாலும் நடக்கிறது. மீன் லொறிகளை எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டிகளிலிருந்து ஐஸ் உருகி வடிகிற உப்புத் தண்ணீர் சேசிஸ் வழியாக ஓடி, ஏர்த் வயர் பூட்டிய போல்ட்டில் போய் நிற்கிறது. அப்படியொரு லொறியில் சிக்னல் லைட் போட்டால் எல்லா முள்ளும் லைட்டோடு தாளம் போட்டு ஆடின. அவர் மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி மைனஸிலும் மறு முனையை மீட்டரின் ஏர்த்திலும் வைத்தார். 0.1 வோல்ட்டுக்கு மேல் போகக்கூடாத இடத்தில், லைட் எரியும் ஒவ்வொரு தடவையும் ஒரு வோல்ட்டுக்கு மேல் எழும்பியது. போல்ட்டைக் கழற்றி, துருவைச் சுரண்டி, புதிய முனை அடித்து, கிரீஸ் பூசிப் பூட்டினார். ஓம் அளவில் வைத்துப் பார்த்திருந்தால் அந்த ஏர்த் நல்லது என்றே காட்டியிருக்கும். ஒரே ஒரு இழை உயிரோடு இருந்தாலும் மல்டிமீட்டர் அனுப்பும் சிறிய மின்னோட்டத்துக்கு அது போதும். சுமை ஏற்றி அளந்தால்தான் உண்மை தெரியும்.

அவர் கோபப்படுகிற விஷயம் ஒன்று உண்டு. கூர் முனை டெஸ்டரால் வயரின் உறையைக் குத்திப் பார்ப்பது. கடலை விட்டுத் தள்ளியிருக்கும் ஊர்களில் அது அவ்வளவு பெரிய குற்றம் இல்லை. இங்கே, குத்திய அந்த ஊசித் துளை வழியே உப்பு ஈரம் உள்ளே போகிறது. இழைகளின் இடுக்கில் ஊர்ந்து இரு பக்கமும் பரவுகிறது. காலம் போகப் போக, உறை நன்றாக இருக்கும், உள்ளே செம்பு பொடியாகிவிடும். வேறொரு பழுதைத் தேடியவன் குத்திய துளையே அடுத்த பழுதாகப் பிறந்து வந்திருப்பதை அவர் பல வண்டிகளில் பிரித்துக் காட்டியிருக்கிறார். கனெக்டரின் பின்பக்கத்திலிருந்து மெல்லிய முனையை நுழைத்து அளக்கலாம். அதற்கு வழியே இல்லாமல் குத்தினால், குத்திய இடத்தை அப்போதே அடைத்துவிட வேண்டும். இதைப் பையன்களுக்குச் சொல்லும்போது அவர் குரலை உயர்த்துவார்.

கம்ப்யூட்டர் கார்கள் வந்த பிறகு சிக்னல் பிறக்கும் இடம் மறுபடி மாறியது. கிராங்கோடு ஒரு பல் சக்கரம் சுற்றுகிறது. 36 பல் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றை விட்டிருப்பார்கள். சிலவற்றில் 60இல் இரண்டை விட்டிருப்பார்கள். அந்த இடைவெளியை வைத்துக் கிராங்க் எந்த நிலையில் இருக்கிறது என்று கம்ப்யூட்டர் அறிகிறது. பக்கத்தில் இருக்கும் சென்சர் ஒவ்வொரு பல்லையும் சொல்கிறது. கம்ப்யூட்டர் ஒரு கணக்குப்பிள்ளை மாதிரி அதை வாங்கி, கூட்டிக் கழித்து, மீட்டருக்குத் தன் கணக்கில் துடிப்பு எழுதி அனுப்புகிறது. ஆகவே முள் விழுந்தால் கேள்வி இரண்டாகப் பிரியும். கணக்குப்பிள்ளைக்குத் தகவல் வரவில்லையா, அல்லது அவர் எழுதி அனுப்பியது மீட்டருக்குப் போய்ச் சேரவில்லையா?

நுரைச்சோலைப் பக்கம் நடுப்பகலில் நின்றுபோன ஒரு பெட்ரோல் கார் முதல் வகை. ஆறிய பிறகு ஸ்டார்ட் ஆகும், சூடேறினால் நிற்கும். பெட்ரோல் பம்ப் என்று ஒருவரும் கொயில் என்று ஒருவரும் சொல்லியிருந்தார்கள். பாஸ் சாரதியிடம் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார்: கார் கியரில் உருண்டுகொண்டிருந்தபோது முள் எங்கே இருந்தது? “உடனே சீரோவுக்கு விழுந்துட்டு நானா, வண்டி இன்னும் ஓடிட்டுத்தான் இருந்த.” அந்தப் பதிலே போதுமாக இருந்தது. பெட்ரோல் வராமல் நின்றிருந்தால், சக்கரம் இன்ஜினைச் சுழற்றிக்கொண்டிருக்கும் வரை முள்ளும் மெதுவாக இறங்கியிருக்கும். சுழலும் இன்ஜினுக்கு முள் பூச்சியம் காட்டினால், கிராங்க் தகவலோ இக்னிஷன் மின்சாரமோ அறுந்திருக்கிறது. நின்ற நிலையில் ஸ்டார்ட்டரைச் சுற்றிக்கொண்டே ஸ்கேனரில் பார்த்தார். 200 பக்கம் காட்ட வேண்டிய ஆர்.பி.எம். பூச்சியமாகவே இருந்தது. சென்சரின் சுருளை ஆறியபோது அளந்தால் ஓம் அளவு சரி; சூட்டில் அளந்தால் முடிவில்லாத தடை. சுருளுக்குள் மெல்லிய கம்பி ஒன்று சூட்டில் விரிந்து பிரிந்துகொண்டிருந்தது.

இரண்டாம் வகையில் இன்ஜின் நன்றாக ஓடும், ஸ்கேனரிலும் ஆர்.பி.எம். சரியாக வரும், முள் மட்டும் கிடந்த இடத்திலேயே கிடக்கும். அப்போது கம்ப்யூட்டருக்கும் மீட்டருக்கும் நடுவே உள்ள வயரைத் தேட வேண்டும். இந்தக் கரையில் அவர் முதலில் பார்க்கும் இடம் இடப்பக்கத்து ஆசனத்தில் இருப்பவரின் கால் அருகே, பக்கவாட்டுத் தகட்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் கனெக்டர். களப்பில் இறங்கிய ஈரக் காலோடு ஏறுகிறார்கள். மணலும் உப்புத் தண்ணீரும் கம்பளத்தின் அடியில் தேங்குகின்றன. இந்த வயரைச் சோதிக்கப் பழைய பல்ப் டெஸ்டரை அவர் தொடவிட மாட்டார். பல்ப் இழுக்கும் மின்னோட்டத்தைக் கம்ப்யூட்டரின் உள்ளே உள்ள சின்ன டிரான்சிஸ்டர் தாங்காது. தடை கோத்த எல்.ஈ.டி. டெஸ்டர் போதும். இன்ஜின் ஓடும்போது அது படபடத்தால் சிக்னல் அங்கே உயிரோடு இருக்கிறது. தொண்ணூறுகளின் டொயோட்டா கார்கள் பலவற்றில் பொனட்டின் கீழ் இருக்கும் சோதனைப் பெட்டியிலேயே ‘ஐ.ஜி. மைனஸ்’ என்ற முனை இதற்காகவே விடப்பட்டிருக்கிறது. ஜப்பானின் உள்நாட்டுச் சந்தைக்குச் செய்து இங்கே வந்த பழைய கார்களில் மலிவான ஸ்கேனர் பல நேரம் பேசாது. அப்போது இந்த முனை கைகொடுக்கும்.

புதிய கார்களில் தனி வயரே கிடையாது. பொஷ் கம்பனி 1986இல் அறிமுகப்படுத்திய கேன் என்னும் முறையில், முறுக்கிய இரண்டு வயர்களில் எல்லாத் தகவலும் போகிறது. பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஸ்கேனர் பூட்டும் ஓ.பி.டி. சொக்கெட்டின் 6ஆம், 14ஆம் முனைகளுக்கு இடையே அளந்தால், அந்த இரண்டும் கேன் வயர்களாக உள்ள கார்களில் 60 ஓம் வர வேண்டும். இரு கோடியிலும் 120 ஓம் தடை இருப்பதால் அது பாதியாகத் தெரிகிறது. 120 காட்டினால் ஒரு கோடி அறுந்திருக்கிறது. இந்தக் கார்களில் முள் மட்டும் தனியாகச் சாவது குறைவு. கேனில் கோளாறு வந்தால் லைட்டுகளும் எச்சரிக்கைகளும் கூட்டமாக எரியும்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. 2025 தொடக்கத்தில்தான் சொந்தப் பாவனைக் கார்களுக்கு வழி திறந்தது. இடைப்பட்ட வருடங்களில் எல்லோரும் இருந்த வண்டியையே இழுத்துப் பிடித்தார்கள். 2022இல் எரிபொருள் இல்லாமல் முற்றத்தில் நின்ற வண்டிகளின் கனெக்டர்களை உப்புக் காற்று நிதானமாகத் தின்றது. பாவித்த மீட்டர் செட்டின் விலையும் மேலே போனது. சந்தேகத்தின் பேரில் ஒன்றை வாங்கி மாட்டிப் பார்க்கும் பழக்கம் அப்போதுதான் உண்மையிலேயே வலித்தது. அதில் இன்னொரு கேடும் இருக்கிறது. பல கார்களில் ஓடிய கிலோமீட்டர் கணக்கு மீட்டர் செட்டுக்குள்ளேயே பதிந்திருக்கிறது. செட்டை மாற்றினால் வேறொரு காரின் ஓட்டம் இந்தக் காரின் முகத்தில் வந்து உட்காரும். பிறகு விற்கப் போனால், நேர்மையான ஆளும் கிலோமீட்டரைக் குறைத்தவர் போல் நிற்க வேண்டி வரும். ஓர் ஏர்த் போல்ட்டில் முடிய வேண்டிய வேலைக்காக இந்த நிலைக்கு யாரும் போகக்கூடாது என்று அவர் மனமார நினைக்கிறார்.

டொல்பின் பார்க்க ஆட்களை ஏற்றும் படகுகளிலிருந்தும் அவருக்கு அழைப்பு வருகிறது. அவுட்போர்ட் மோட்டரிலும் முள்ளுக்குத் துடிப்பு தருவது சார்ஜ் சுருள்தான். மீட்டரின் முதுகில் துருவ எண்ணிக்கையைத் தேர்ந்தெடுக்கும் ஒரு சின்னத் திருகு இருக்கும். மோட்டருக்கு மோட்டர் துருவங்கள் மாறும் என்பதற்காக அந்த ஏற்பாடு. கடல் ஈரத்தில் அந்தத் திருகின் உள்தொடுகை மங்கிவிடும். முள் தன் பாட்டில் கூடும், குறையும். மோட்டரை நிறுத்தி, திருகு எந்த எண்ணில் இருக்கிறது என்று குறித்துக்கொண்டு, அதை இரு பக்கமும் பல தடவை திருகி, குறித்த எண்ணிலேயே திரும்ப வைத்தால் பெரும்பாலும் முள் நிலைக்கு வந்துவிடும். எண்ணைக் குறிக்காமல் திருகினால் அடுத்த குழப்பம் அங்கேயே பிறக்கும்.

கூலி விஷயத்தில் அவருக்கு ஒரு பிடிவாதம். பழுதைக் கண்டுபிடிக்க ஒரு தொகை, சரி செய்ய வேறொரு தொகை என்று வண்டியைத் திறக்கும் முன்பே சொல்லிவிடுவார். “ஒரு போல்ட்டத் துடைச்சதுக்கா இவ்வளவு?” என்று கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர் விவாதிப்பதில்லை. மல்டிமீட்டரை அவர்கள் கையில் கொடுத்து, சரி செய்யும் முன் என்ன காட்டியது, இப்போது என்ன காட்டுகிறது என்று அவர்களையே அளந்து பார்க்கச் சொல்கிறார். பிறகு இன்ஜினை 2,000இல் நிறுத்தி, கைமீட்டரின் எண்ணையும் முள்ளின் எண்ணையும் திகதியோடு ஒரு ஸ்டிக்கரில் எழுதி, டாஷ்போர்டின் அடியில் ஒட்டி அனுப்புகிறார்.